தங்கைக்கு சூப்பர்வைசர் தொல்லை. எச்ஆர் ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

நொய்யல்கரை:
எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறாள். வயது 22. கம்பெனி ரோலில் இல்லை, கான்ட்ராக்டர் மூலம் சேர்ந்தவள். அங்கே லைன் சூப்பர்வைசர் ஒருவர் பீஸ் பார்க்கிற சாக்கில் பின்னால் வந்து ஒட்டி நிற்பது, தோளில் கை வைப்பது, ராத்திரி நேரத்தில் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போடுவது என்று தொல்லை கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். தீபாவளி லீவுக்கு முந்தின வாரம் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கையைப் பிடித்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் வீட்டில் சொன்னாள்.

அடுத்த நாளே எச்ஆரிடம் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறாள். "விசாரிக்கிறோம்மா, அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே" என்றார்களாம். இப்போது பொங்கல் வரப்போகிறது, ஒன்றும் நடக்கவில்லை. நேற்று கூப்பிட்டு, "ரிசைன் லெட்டர் எழுதிக் கொடுத்துடு, கணக்கு முடிச்சு பி.எஃப். பேப்பரெல்லாம் கையோட கொடுத்துடறோம், உனக்கும் நல்லது" என்கிறார்கள். அப்பாவும் "விட்டுடும்மா, வேற கம்பெனியா இல்லை" என்கிறார். அவளோ, தப்பு செய்தவன் அங்கேயே இருக்கும்போது நான் ஏன் வெளியே போகணும் என்று கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பருத்திப்பூ:
முதலில் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். வெள்ளைப் பேப்பர், வவுச்சர், "சும்மா ஒரு ஸ்டேட்மென்ட்" எதுவாக இருந்தாலும் சரி. நான் பத்து வருஷத்துக்கு மேல் பனியன் கம்பெனிகளில் பேக்கிங்கில் இருந்தவள். இந்த "கணக்கு முடிச்சுக்கோ" பேச்சு எப்படி ஆரம்பிக்கும், எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். லெட்டர் கைக்குப் போன மறுநாள், "அந்தப் பொண்ணு தானா நின்னுட்டா" என்று ஆகிவிடும்.

கறுப்புக்கோட்டு:
நான் வழக்கறிஞர், தொழிலாளர் வழக்குகள் பார்ப்பவன். இதில் மிக அவசரமான விஷயம் ராஜினாமா கூட இல்லை, தேதி. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. அதன்படி புகாரை எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதம் அவகாசம். தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். தகுந்த காரணம் இருந்தால், அதை எழுத்தில் பதிவு செய்து, கம்பெனிக்குள் இருக்க வேண்டிய புகார்க் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். அதற்கு மேல் நீட்டிக்கக் குழுவுக்கு அதிகாரமில்லை. உங்கள் தங்கை எச்ஆரிடம் வாயால் சொன்னது சட்டப்படி புகார் ஆகாது. "யாரிடமும் சொல்லாதே, விசாரிக்கிறோம்" என்று சொல்லி ஓட்டிய ஒவ்வொரு வாரமும் அந்த மூன்று மாதத்திலிருந்துதான் கழிகிறது. தீபாவளிக்கு முன்னால் நடந்தது என்றால் கெடு இப்போது கழுத்துக்கு வந்திருக்கிறது.

இது வெறும் எச்சரிக்கை அல்ல. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு சட்டப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மீதான புகார் இப்படித்தான் நின்றுபோனது. கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரலில், புகார் கொடுத்தது டிசம்பரில். நடுவில், புகார் கொடுத்த பேராசிரியரை ஒரு பொறுப்பிலிருந்து நீக்கியதும் துன்புறுத்தலின் தொடர்ச்சிதான் என்று வாதிட்டார்கள். அது நிர்வாக நடவடிக்கை, தனி விஷயம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சம்பவம் பற்றிய தீர்ப்பைத் துணைவேந்தர் தன் சுயவிவரத்தில் சேர்க்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஆனாலும் புகார் காலம் கடந்தது, கடந்ததுதான். சட்டம் படித்தவர்களுக்கே இந்த நிலை என்றால், செக்கிங் டேபிளில் நிற்கிற பெண்ணுக்கு யார் எடுத்துச் சொல்லியிருப்பார்கள்?

எனவே இந்த வாரமே எழுதுங்கள். எச்ஆருக்கு அல்ல, "உள்ளகப் புகார்க் குழுவின் தலைவர் அவர்களுக்கு" என்று முகவரி போடுங்கள். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் எந்த இடத்திலும் இந்தக் குழு இருந்தாக வேண்டும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனித்தனியாக. கான்ட்ராக்ட் ஆள், தினக்கூலி, பயிற்சியில் இருப்பவர் என்று யாரையும் சட்டம் வெளியே நிறுத்தவில்லை. கம்பெனி ஏற்பாடு செய்த பஸ்ஸும் பணியிடம்தான் என்று விளக்கப் பிரிவிலேயே இருக்கிறது.

தெற்குவாசல்:
எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். நான் ஒரு மில்லில் ஷிப்ட் இன்சார்ஜ். பீஸ் சரியாக வருகிறதா என்று பின்னால் நின்றுதானே பார்க்க முடியும்? வேலையைக் கண்டித்ததற்காகப் புகார் கொடுத்தால் எங்கள் குடும்பம் என்ன ஆவது? பொய்ப் புகாருக்குத் தண்டனை இருக்கிறதா இல்லையா?

கறுப்புக்கோட்டு:
நியாயமான கேள்வி. தெரிந்தே, கெட்ட நோக்கத்தோடு கொடுத்த புகார் என்று விசாரணையில் நிரூபணமானால் நடவடிக்கை உண்டு. ஆனால் "நிரூபிக்க முடியவில்லை" என்பது வேறு, "பொய்" என்பது வேறு. போதிய ஆதாரம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் புகார் கொடுத்தவர்மேல் கை வைக்கக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது.

பின்னால் நிற்பது பற்றி. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இதே வாதத்தோடு ஒரு வழக்கு வந்தது. ஐ.டி. நிறுவனத்தில் மேல்பொறுப்பில் இருந்த ஒருவர், வேலையைக் கண்காணிக்கத்தான் பின்னால் நின்றேன் என்றார். தொழிலாளர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகக் குழுவின் அறிக்கையை ரத்து செய்திருந்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. செய்தவரின் உள்நோக்கம் என்ன என்பதைவிட, அந்த நடத்தை அந்தப் பெண்ணுக்கு வேண்டாததாக இருந்ததா என்பதுதான் அளவுகோல் என்றது. நீங்கள் டேபிளுக்கு எதிர்ப்பக்கம் வந்து பீஸைக் கையில் வாங்கிப் பார்த்தால் வேலை கெட்டுவிடாது. உங்கள் லைனில் இருக்கும் பெண்களிடம் எது சங்கடம் என்று ஒரு தடவை கேளுங்கள், பாதி பயம் உங்களுக்கே போய்விடும்.

வெளியாள்:
நான் மூன்று கம்பெனிகளில் இந்தக் குழுவின் வெளி உறுப்பினராக இருக்கிறேன். குழுவில் ஒருவர் தன்னார்வ அமைப்பிலிருந்தோ, இந்த விஷயத்தில் பழக்கமுள்ளவராகவோ வெளியிலிருந்து வர வேண்டும் என்பது சட்டம். தலைவர் அங்கே வேலை செய்யும் மூத்த பெண் ஊழியர். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தால் உங்கள் தங்கைக்குத் தைரியம் வரும், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

புகாரை ஆறு பிரதி கொடுக்க வேண்டும். சாட்சிகள் பெயரும், இருக்கிற ஆதாரமும் சேர்த்து. ஏழு வேலை நாளுக்குள் ஒரு பிரதி அந்த சூப்பர்வைசருக்குப் போகும், அவர் பத்து வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும், முடிந்த பத்து நாளில் அறிக்கை, அறிக்கை வந்த 60 நாளில் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். குழு முன்னால் இரண்டு தரப்பும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. பல பெண்கள் "அவங்க பெரிய வக்கீலா வெப்பாங்களே" என்று பயந்து வருவார்கள். இங்கே அது நடக்காது.

இனி முக்கியமான இடம். நான் பார்த்த பல புகார்களில் "அவர் என்னிடம் தவறாக நடந்துகொள்கிறார், எனக்கு மன உளைச்சலாக உள்ளது, நடவடிக்கை எடுக்கவும்" என்று நாலு வரிதான் இருக்கும். எழுதும்போது கூச்சம், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நாலு வரியை வைத்து எதிர்த்தரப்பிடம் எதைக் கேட்பது? "நான் ஒன்னும் பண்ணலை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அதற்குப் பதில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: எந்தத் தேதி (சரியாக ஞாபகமில்லை என்றால் ஆயுத பூஜைக்கு அடுத்த திங்கள் என்பது போல), எந்த ஷிப்ட், எந்த லைன், எத்தனையாவது டேபிள், அப்போது பக்கத்தில் யார் நின்றார்கள், அவர் சொன்ன வார்த்தை அதே வார்த்தையாக, கை எங்கே பட்டது, இவள் என்ன சொன்னாள் அல்லது என்ன செய்தாள், அதற்குப் பிறகு யாரிடம் சொன்னாள். பஸ் சம்பவத்துக்கு ரூட், எந்த ஸ்டாப்பில் ஏறினார், எந்த சீட். ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனிப் பத்தி. தமிழிலேயே எழுதலாம். எழுத வராது என்றால், எழுத உதவி செய்வது குழுவின் கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறது.

எச்ஆரிடம் வாய்மொழியாகச் சொன்ன நாளையும், அவர்கள் சொன்ன பதிலையும் கடைசிப் பத்தியாகச் சேருங்கள். தாமதத்துக்கு அதுதான் காரணம் என்றால், கால நீட்டிப்பு கேட்க அதுதான் உங்கள் கையிலிருக்கும் ஆதாரம்.

வாட்ஸ்அப் மெசேஜை அழிக்க வேண்டாம், அந்த நம்பரை பிளாக் செய்தாலும் பழைய மெசேஜ்கள் அப்படியே இருக்கட்டும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது தேதியும் நம்பரும் தெரிய வேண்டும். நேரில் பார்த்த சாட்சி இல்லையே என்று கலங்க வேண்டாம். இது குற்றவியல் நீதிமன்றம் இல்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதைத்தான் குழு பார்க்கிறது. அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி அழுததைப் பார்த்த தோழியின் சொல்லுக்கும் எடை உண்டு.

பருத்திப்பூ:
வெளியாள் எழுதியதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. எங்கள் காலத்தில் இதை ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. கூட வேலை பார்த்த பெண்கள் ஒவ்வொருத்தியாக நின்றுபோவார்கள், காரணம் எல்லோருக்கும் தெரியும், ஆனால் வாயைத் திறக்க மாட்டோம். உங்கள் தங்கை எச்ஆர் ரூம் வரைக்கும் போனதே பெரிய விஷயம். அதை அவளிடம் சொல்லுங்கள்.

நொய்யல்கரை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். அவள் சொல்லச் சொல்ல எனக்கே பல விஷயம் புதிது. ஆனால் ஒரு சிக்கல். கேட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் அந்தக் குழுவின் லிஸ்ட் ஒட்டியிருக்கிறது. பையர் ஆடிட்டுக்காக (துணி வாங்குகிற பிராண்டுகள் செய்யும் சோதனைக்காக) ஒட்டியது போல, லேமினேஷன் போட்டு. அதில் தலைவர் என்று போட்டிருக்கும் மேடம் போன வருஷமே வேலையை விட்டுப் போய்விட்டாராம். வெளி உறுப்பினர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் நம்பரைக் கூப்பிட்டால் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. இப்போது யாரிடம் கொடுப்பது?

கறுப்புக்கோட்டு:
அந்த போர்டைத் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். முறையான குழு இல்லாமல் நடத்துவதற்கு நிர்வாகத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் இரட்டிப்பு, உரிமம் ரத்தாகும் அளவுக்கும் போகலாம்.

புகாரை இரண்டு இடத்துக்கு அனுப்புங்கள். கம்பெனி முகவரிக்கு, குழுத் தலைவர் பெயர் குறிப்பிடாமல் பதவியை மட்டும் போட்டு, ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு. அப்புறம் மாவட்ட உள்ளூர் குழுவுக்கு ஒரு பிரதி. குழு அமைக்கப்படாத இடங்களுக்கும், பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கும், முதலாளி மீதே புகார் என்றாலும் அந்தக் குழுதான். கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட சமூக நல அலுவலரைக் கேட்டால் வழி சொல்வார்கள். மாவட்டந்தோறும் இந்தக் குழுக்களை அமைத்தாக வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கெடு வைத்து உத்தரவிட்டிருக்கிறது, அதனால் இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளத்திலும் பதியலாம். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் தேதியோடு சீல் வாங்காமல் வராதீர்கள்.

இன்னொரு கேள்வி. உங்கள் தங்கைக்கு 22 வயது, சரி. அதே லைனில் 18 வயது நிரம்பாத பெண்களிடமும் இவர் இப்படி நடந்திருந்தால் அது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் வரும், நேராகக் காவல்துறைக்குப் போக வேண்டிய விஷயம். நீங்கள் பட்டியல் சாதியினராக இருந்து அவர் அப்படி இல்லையென்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வரும். இங்கே எழுத வேண்டாம், தனிச் செய்தியில் சொல்லுங்கள். குழுவில் புகார் கொடுத்ததால் போலீஸில் கொடுக்கக் கூடாது என்றில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 75ஆவது பிரிவில் பாலியல் துன்புறுத்தல் குற்றம். உடல்ரீதியாகத் தொட்டதற்கு மூன்று ஆண்டு வரை சிறை. போலீஸுக்குப் போக அவள் விரும்பினால் உதவ வேண்டியதும் நிர்வாகத்தின் கடமை.

நொய்யல்கரை:
தபால் அனுப்பிவிட்டோம், கலெக்டர் அலுவலகத்தில் சீலும் வாங்கிவிட்டோம். அது கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த அன்றைக்கே எச்ஆர் போன். குரலே மாறியிருக்கிறது. "பேசி முடிச்சுக்கலாம், ஒரு தொகை தர்றோம்" என்கிறார்கள். இன்னொரு பக்கம் அவளை நைட் ஷிப்டுக்கு மாற்றப் போவதாக மற்ற பெண்கள் சொல்கிறார்கள்.

வெளியாள்:
சமரசம் என்பது அந்தப் பெண்ணாகக் கேட்டால் மட்டும், விசாரணை தொடங்குவதற்கு முன்னால், குழுவின் மூலமாக. நிர்வாகம் கேட்க முடியாது. பணத்தை அடிப்படையாக வைத்துச் சமரசம் செய்யவே கூடாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஒரு தடவை சமரசம் ஆகிவிட்டால் அந்தப் புகாரில் விசாரணை கிடையாது என்பதையும் அவளுக்குச் சொல்லிவிடுங்கள். குற்றம் நிரூபணமாகி, இழப்பீடாக அவர் சம்பளத்திலிருந்து பிடித்துக் கொடுப்பது வேறு. அது குழுவின் பரிந்துரையில் வரும், ஒளித்து மறைத்து வாங்க வேண்டியதில்லை.

நைட் ஷிப்ட் பற்றி உடனே எழுத்தில் இடைக்கால நிவாரணம் கேளுங்கள். விசாரணை முடியும்வரை அவரையோ இவளையோ வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லலாம். அவரை மாற்றுங்கள் என்றே கேளுங்கள், இவள் ஏன் நகர வேண்டும்? வழக்கமான விடுப்புக்கு மேல் மூன்று மாதம் வரை விடுப்பு கேட்கலாம். இவளுடைய வேலை பற்றி அவர் ரிப்போர்ட் எழுதக் கூடாது என்றும் கேட்கலாம். செக்கிங்கில் "ரிஜெக்ட் அதிகம்" என்று எழுதி ஆளை நிறுத்துவது எவ்வளவு சுலபம் என்று எல்லோருக்கும் தெரியும்.

பெயர், முகவரி, விசாரணை விவரம் எதையும் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். ரகசியம் காப்பது இரண்டு தரப்புக்கும் பொருந்தும். இந்த இழையிலும் இதுவரை எழுதிய அளவு போதும், கம்பெனி அடையாளம் வரும்படி எதையும் சேர்க்க வேண்டாம்.

தறிச்சத்தம்:
சட்டம் இருக்கிறது, போர்டும் இருக்கிறது, குழுதான் இல்லை. இதுதான் நம் தொழிலின் நிலைமை. நான் சங்க வேலையில் இருப்பவன், ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் பெண் அவருடைய சூப்பர்வைசராலேயே கொல்லப்பட்டார். அவர் சங்கத்தில் இருந்தவர். அதன் பிறகு பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியதில், 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. சங்கமும் ஆலை நிர்வாகமும் மட்டுமல்ல, எச் அண்ட் எம் போல அங்கிருந்து துணி வாங்கும் பிராண்டுகளும் கையெழுத்துப் போட்டன. லைனிலேயே வேலை செய்யும் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, தொல்லையைக் கண்டால் உடனே எடுத்துச் சொல்லும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது, மீறினால் ஆர்டருக்கே பாதிப்பு. ஆடிட்டுக்கு ஒட்டுகிற லேமினேஷன் போர்டு செய்யாததை அது செய்தது, ஏனென்றால் கவனிக்கும் கண் லைனுக்குள்ளேயே இருந்தது.

ஒரு உயிர் போன பிறகு வந்த ஒப்பந்தம் அது. 2013 சட்டத்துக்கு முன்னோடியாக வழிகாட்டுதல்கள் தந்த உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பும் அப்படித்தான். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவிக்கு 1992இல் நேர்ந்த கொடுமையிலிருந்துதான் 1997இல் அந்த வழிகாட்டுதல்கள் பிறந்தன. நம் கையில் இருக்கும் ஒவ்வொரு பிரிவுக்கும் பின்னால் ஒரு பெண் இருக்கிறார். அதனால்தான் "விட்டுடும்மா" என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அப்பாவைத் தப்பாக நினைக்காதீர்கள், அவர் பயம் உண்மையானது. அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், மற்ற பெண்களின் அப்பாக்களோடு பேசட்டும்.

அடையாறு ஆலமரம்:
இழைக்குக் கொஞ்சம் வெளியே ஒரு கேள்வி. நான் சென்னையில் ஐ.டி.யில் இருக்கிறேன். தொல்லை கொடுப்பவர் எங்கள் கம்பெனி ஆள் இல்லை, கிளையன்ட் தரப்பு மேனேஜர். எங்கள் குழு "அவர்மேல் எங்களுக்கு அதிகாரமில்லை" என்கிறது. அப்படியா?

கறுப்புக்கோட்டு:
இல்லை. எதிர்த்தரப்பு வேறு அலுவலகத்தைச் சேர்ந்தவர் என்றாலும், பாதிக்கப்பட்ட பெண் வேலை செய்யும் இடத்துக் குழுவே விசாரிக்கலாம் என்று 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. அவருடைய நிறுவனம் அந்த விசாரணைக்கு ஒத்துழைக்க வேண்டும். அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் மறுபடி கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தெற்குவாசல்:
என் முந்தைய கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொன்னதற்கு நன்றி. ஆண்களுக்கு இப்படி ஒன்று நடந்தால்? எங்கள் மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேவலமாகத் திட்டுகிறார்.

கறுப்புக்கோட்டு:
2013 சட்டத்தில் பாதிக்கப்பட்டவர் பெண் என்றால் மட்டுமே புகார் கொடுக்க முடியும். பாலியல் சாராத திட்டு, அவமானம் ஆகியவற்றுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. அது பெரிய குறைதான். வேலையில் வன்முறையும் துன்புறுத்தலும் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019இல் கொண்டுவந்த 190ஆம் உடன்படிக்கை ஆண், பெண் எல்லோருக்கும் பொருந்தும். இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. அதுவரைக்கும் மிரட்டல், அடிதடி என்றால் காவல்துறை, சம்பளப் பிடித்தம், வேலை நீக்கம் என்றால் தொழிலாளர் துறை, மற்றதற்குச் சங்கம் என்று தனித்தனியாகத்தான் போக வேண்டியிருக்கிறது.

மீன்கொடி:
எங்கள் தெருவில் வீட்டு வேலை செய்யும் அக்கா ஒருவர், ஒரு வீட்டு ஆளால் இதே தொல்லை படுகிறார். இரண்டு வீட்டில் வேலை, எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்கு இதெல்லாம் உண்டா?

வெளியாள்:
உண்டு. அந்த வீடும் பணியிடம்தான். மாவட்ட உள்ளூர் குழுவிடம் கொடுக்க வேண்டும். முகாந்திரம் இருந்தால் ஏழு நாளுக்குள் குழு அதைக் காவல்துறைக்கு அனுப்ப வேண்டும். எழுத முடியாது என்றால் குழுவே எழுதிக்கொள்ளும். அவருடைய எழுத்துபூர்வ சம்மதத்தோடு, கைநாட்டு போதும், விஷயம் தெரிந்தவர் என்ற முறையில் நீங்களும் கொடுக்கலாம். வக்கீல் தேவைப்பட்டால் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100க்குக் கூப்பிடுங்கள். உடனடி உதவிக்கு 181. கடைசியாக எப்போது நடந்தது என்று முதலில் அந்த அக்காவிடம் கேட்டு எழுதுங்கள், அந்தத் தேதியை வைத்துத்தான் மற்றதெல்லாம்.